புத்தகத்தைத் திட்டி எழுதிவிட்டார்களா? 1936க்கு ஒருமுறை போய்வருவோம்

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்து ஒரு மாதம் போனதும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளின் குரல் மாறிவிடும். புத்தகம் வந்த சந்தோஷத்தில் பேசிய அதே தம்பிகளும் தங்கைகளும்தான். ஆனால் இப்போது, "தோழர், அதைப் படிச்சீங்களா? எப்படி எழுதியிருக்காரு பாருங்க. பதில் எழுதலாமா, விட்டுடலாமா?" என்பார்கள். இந்த ஆண்டு நான்கு பேர் கேட்டார்கள். நால்வருமே முதல் புத்தகம் போட்டவர்கள். ஒருவர் இன்னும் கல்லூரியையே முடிக்கவில்லை. அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். அடுத்த ஆண்டும் யாராவது கேட்கத்தான் போகிறார்கள்.

இலக்கிய உலகத்தில் இந்தக் கேள்விக்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது. எழுத்தாளர் விமர்சனத்துக்குப் பதில் சொல்லக் கூடாது, புத்தகம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும், காலம் தீர்ப்புச் சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலம் தானாக வந்து தீர்ப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை. பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள், விருதுக் குழுவில் இருப்பவர்கள், நூலகத்துக்குப் புத்தகம் தேர்வு செய்பவர்கள், பத்திரிகையின் நடுப்பக்கத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர்கள், இவர்கள் எல்லாம் சேர்ந்துதான் காலம். அந்த நாற்காலிகளில் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்தால் எழுத்தாளர் கம்பீரமாக மௌனம் காக்கலாம். அவருக்காகப் பேசப் பத்துப் பேர் இருக்கிறார்கள். சேரியிலிருந்து வந்து, கடன் வாங்கிப் புத்தகம் போட்ட ஒரு பிள்ளை மௌனமாக இருந்தால், பதில் இல்லாமல் வாயடைத்துப் போனதாகத்தான் எழுதிக்கொள்வார்கள்.

அதற்காக முகநூலில் இறங்கி விடிய விடியச் சண்டை போடுவதா? அதையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, நல்ல கதைக்காரன். அவனுடைய தொகுப்பைப் பற்றி ஒருவர், இவை கதைகள் அல்ல, செய்திகள் என்று எழுதினார். தம்பி மூன்று நாட்களில் பதினான்கு பதிவுகள் போட்டான். நான்காவது பதிவிலேயே பேச்சு கதையை விட்டுவிட்டு அந்த விமர்சகரின் பழைய வேலை, யாருடன் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார் என்பதற்குப் போய்விட்டது. எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். தொகுப்பில் கல்குவாரியில் வேலை செய்யும் ஒரு தாத்தாவின் கதை இருக்கிறது, அருமையான கதை. அந்த மூன்று நாட்களில் ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வரி பேசவில்லை.

மௌனமும் வேண்டாம், தெருச்சண்டையும் வேண்டாம் என்றால் வேறு என்ன வழி? நம் வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. நம்மில் பலர் 'சாதி ஒழிப்பு' நூலைப் படித்திருக்கிறோம். ஆனால் அந்த நூல் எப்படி அச்சாகி வந்தது, அதில் என்னென்ன சேர்க்கப்பட்டது என்பதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். முன்னுரையையும் பின்னிணைப்பையும் யார் படிக்கிறார்கள்! நான் கல்லூரிக் காலத்தில் படித்த பிரதியில் அந்தப் பக்கங்கள்தான் புதிதுபோல இருந்தன.

லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் என்ற அமைப்பு. பெயருக்கு அர்த்தமே சாதியை உடைக்கும் சங்கம். பெரும்பாலும் சாதி இந்துச் சீர்திருத்தக்காரர்கள். 1936ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கரை அழைத்தார்கள். அவர் உரையை எழுதி, பம்பாயிலேயே அச்சுக்கும் கொடுத்துவிட்டார். உரையைப் பார்த்த மண்டல்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. சாதியைத் திட்டினால் பரவாயில்லை, சாதியைத் தாங்கி நிற்கும் சாஸ்திரங்களையும் வேதங்களையும் ஏன் இழுக்கிறீர்கள் என்றார்கள். சில பகுதிகளை எடுத்துவிடலாமே, சுருக்கலாமே என்று ஹர் பகவான் என்பவர் கடிதம் எழுதினார். ஏப்ரல் 27 அன்று அம்பேத்கர் எழுதிய பதில் எல்லோருக்கும் தெரியும். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். மாநாடே ரத்தாகிவிட்டது.

இந்தக் காற்புள்ளிக் கதையை மேடைகளில் நிறைய சொல்கிறோம், கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் அதே கடிதத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. உரையில் உள்ள கருத்துகளுக்கு நான் மட்டுமே பொறுப்பு, அவை பிடிக்கவில்லை என்றால் மாநாடு என்னைக் கண்டித்துத் தீர்மானம் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை என்கிறார். கவனியுங்கள். தலைவராக அழைக்கப்பட்டவர், தன் தலைமையில் நடக்கும் மாநாட்டிலேயே தன்னைக் கண்டிக்கலாம் என்கிறார். முழுதாகக் கேட்டுவிட்டுக் கண்டியுங்கள், கேட்பதற்கு முன்னால் வெட்டாதீர்கள். தணிக்கையும் விமர்சனமும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

பேச முடியாத உரையை அவர் சொந்தச் செலவில் புத்தகமாகப் போட்டார். 1,500 பிரதிகள். விலை எட்டு அணா. இரண்டு மாதத்தில் தீர்ந்துபோனது. அதற்குள் மதிப்புரையும் வந்துவிட்டது. எழுதியவர் காந்தி. ஜூலை 11, ஜூலை 18 ஆகிய இரண்டு நாட்களில், 'ஹரிஜன்' இதழில்.

அன்றைய இந்தியாவில் ஒரு புத்தகத்துக்கு அதைவிடப் பெரிய மதிப்புரை கிடைத்திருக்க முடியாது. அதைவிடப் பாதகமானதும் கிடைத்திருக்க முடியாது. அந்த உரையைச் சீர்திருத்தக்காரர் யாரும் புறக்கணிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டுதான் காந்தி தொடங்கினார். அப்புறம் தன் வாதத்துக்கு வந்தார். சாதிக்கும் மதத்துக்கும் சம்பந்தம் இல்லை, அம்பேத்கர் எடுத்துக்காட்டிய நூல்களெல்லாம் நம்பத்தக்க சாஸ்திரம் அல்ல, ஒரு மதத்தை அதன் மோசமான ஆட்களை வைத்து அளக்கக் கூடாது, மிகச் சிறந்த ஆட்களை வைத்து அளக்க வேண்டும். சிறந்தவர்கள் என்று ஒரு பட்டியலும் கொடுத்தார். சைதன்யர், ஞானதேவர், துக்காராம், ராமகிருஷ்ணர், விவேகானந்தர். நடுவில் திருவள்ளுவரும் இருக்கிறார்! வள்ளுவருக்குக் காவி உடுத்துகிறார்கள் என்று இன்று நாம் போராடுகிறோம். அந்தப் பட்டியலில் அவரை உட்காரவைத்து 90 ஆண்டுகள் ஆகின்றன.

இதோடு நிற்கவில்லை. வரவேற்புக் குழு மறுத்ததும் இவர் சும்மா இருக்கவில்லை, தானே அச்சிட்டுவிட்டார், உலகம் தன்னை மறக்க விடுகிற ஆள் இல்லை இவர் என்ற தொனியில் ஒரு குத்தலும் இருந்தது. புத்தகத்தின் விலை பற்றியும் சொன்னார். எட்டு அணா அதிகம், இரண்டு அணாவாகவோ குறைந்தது நான்கு அணாவாகவோ ஆக்கலாமே என்றார். எழுத்தாளருக்கு நெஞ்சில் குத்துவது பல நேரங்களில் கருத்து அல்ல, இந்த மாதிரிச் சின்னச் சின்ன இடங்கள்தான்.

இப்போது அம்பேத்கர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். முகநூல் இல்லை. ஆனால் பத்திரிகைகள் இருந்தன, மேடைகள் இருந்தன. ஆட்களும் இருந்தார்கள். அவர் செய்தது, 1937இல் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. அதில் காந்தியின் இரண்டு கட்டுரைகளையும் முழுதாக அச்சிட்டார். மண்டலின் சந்த் ராம் காந்திக்கு எழுதிய கடிதமும் அதற்குக் காந்தியின் பதிலும் ஆகஸ்டில் 'ஹரிஜ'னில் வந்திருந்தன, அவற்றையும் சேர்த்தார். அதற்கு அடுத்த பின்னிணைப்பில் தன் பதிலை வைத்தார். முதலில் எதிராளி பேசுகிறார். அவர் முழுதாகப் பேசி முடித்த பிறகுதான் நூலாசிரியர் பேசுகிறார். துண்டு துண்டாக மேற்கோள் எடுத்து, 'பாருங்கள் எப்படிச் சொல்லியிருக்கிறார்' என்று காட்டும் வேலையே இல்லை. இன்று அந்த 'ஹரிஜன்' கட்டுரைகளைப் படித்தவர்களில் பெரும்பாலோர் அம்பேத்கரின் புத்தகத்துக்குள்தான் படித்திருப்பார்கள். உங்களை மறுத்தவருடைய வார்த்தைகளை நீங்களே பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுப்பது என்றால் எவ்வளவு தெம்பு வேண்டும்!

அந்த முன்னுரையில் இன்னொன்றும் சொல்கிறார். காந்தியைத் தவிரப் பலரும் எதிர்த்து எழுதியிருக்கிறார்கள், ஆனால் நான் காந்திக்கு மட்டும்தான் பதில் சொல்லப் போகிறேன். காரணம், அவர் சொன்னது அவ்வளவு கனமானது என்பதல்ல. பல இந்துக்களுக்கு அவர் வாய் திறந்தால் அதுவே கடைசி வார்த்தை, அதற்குமேல் யாரும் பேசக் கூடாது என்ற நிலை இருக்கிறது, அதனால்தான் என்கிறார். தனக்கு எங்கே வலித்தது என்று பார்த்து அவர் ஆளைத் தேர்வு செய்யவில்லை. எந்தச் சொல் போய்ச் சேர்ந்து வாசகரின் கதவை மூடுமோ, அதற்குத்தான் பதில். பதினான்கு பதிவு போட்ட தம்பியிடம் நான் கேட்டதும் இதைத்தான்: அந்த ஆள் எழுதியதைப் படித்து உன் புத்தகத்தை வாங்காமல் விட்டவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அவன் யோசித்துவிட்டு, "இருபது பேர் இருக்கலாண்ணே" என்றான். அவன் பதிவுகளைப் படித்தவர்கள் அதைவிட அதிகம்.

பதிலின் உள்ளே வாருங்கள். தன் உரையைக் கவனித்து எழுதியதற்காக மரியாதையாக நன்றி சொல்லித்தான் தொடங்குகிறார். பிறகு, தான் உரையில் நிறுவ முயன்றவை என்னென்ன என்று வரிசையாக எடுத்து வைக்கிறார். சாதி இந்துக்களைக் கெடுத்துவிட்டது, நால்வருணத்தின் மேல் சமூகத்தைத் திரும்பக் கட்ட முடியாது, கட்டினாலும் கேடுதான், சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவத்தின் மேல்தான் கட்ட வேண்டும், அதற்குச் சாதிக்குப் பின்னால் உள்ள மதப் புனிதத்தை உடைக்க வேண்டும், அதற்குச் சாஸ்திரங்களின் அதிகாரத்தை உதற வேண்டும். இவைதான் என் கேள்விகள், மகாத்மா எழுப்பிய கேள்விகள் இவற்றைத் தொடவே இல்லை என்கிறார். மதிப்புரைக்குப் பதில் எழுத உட்காரும் யாரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது. நான் என்ன சொன்னேன், அவர் எதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்? இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பாதிக் கோபம் அங்கேயே தெளிந்துவிடும். மீதிப் பாதி உருப்படியான வாதமாகும்.

சாஸ்திரங்களில் எது உண்மை, எது இடைச்செருகல் என்பதெல்லாம் படித்த நாலு பேருக்குத்தான் தெரியும், சாமானிய மக்கள் எல்லாவற்றையும் சாஸ்திரம் என்றுதான் நம்புகிறார்கள் என்றார். துறவிகளைப் பற்றி: கடவுள் முன்னால் எல்லோரும் சமம் என்று பாடினார்கள், மனிதருக்கு மனிதர் சமம் என்று சாதியோடு சண்டை போடவில்லை என்றார். பரம்பரைத் தொழிலைச் செய் என்று உபதேசிக்கும் காந்தி, பனியா குலத்தில் பிறந்தவர், தராசைத் தொட்டாரா என்று கேட்டார். விளம்பர ஆசை என்ற குத்தலுக்கும் பதில் உண்டு. எனக்குத் தேவைக்கு மேலேயே விளம்பரம் கிடைத்திருக்கிறது, அப்படியே ஆசைப்பட்டிருந்தாலும் கண்ணாடி வீட்டில் இருப்பவர் கல்லெறியலாமா என்றார். 'பண்பாகப் பதில் சொல்லுங்கள், கோபம் வேண்டாம்' என்று நம்மிடம் உபதேசம் செய்யும் பெரியவர்கள் இந்தப் பக்கங்களைப் படித்துப் பார்க்கட்டும். காரம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு காரமும் ஒரு வாதத்தின் மேல் தடவியிருக்கிறது.

எட்டு அணா விஷயத்துக்கு மட்டும் அவர் பெரிதாக மல்லுக்கட்டவில்லை. விலை பற்றிய யோசனை அவருடைய புத்தகத்திலேயே பின்னிணைப்பாக அச்சாகிவிட்டதே, அதுவே போதும்.

எல்லா விமர்சனத்தையும் அவர் இப்படி எதிர்த்தே நின்றாரா என்றால், இல்லை. 1940இல் பாகிஸ்தான் கோரிக்கை பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். இரு தரப்பு வாதங்களையும் வைத்தவர், உங்கள் கருத்து என்ன என்பதைச் சொல்லவே இல்லையே என்று குறை சொன்னார்கள். 1945இல் வந்த அடுத்த பதிப்பில் தன் கருத்துகளைச் சொல்லும் ஐந்தாம் பாகத்தையே புதிதாகச் சேர்த்தார். அந்தக் குறைதான் காரணம் என்று முன்னுரையில் வெளிப்படையாக எழுதினார். புத்தரைப் பற்றிய நூலை 1951இல் 50 பிரதிகள் மட்டும் தனியாக அச்சிட்டு, கருத்துக் கேட்கச் சுற்றுக்கு விட்டார். காற்புள்ளியை மாற்ற மாட்டேன் என்றவரும் ஒரு பாகத்தையே சேர்த்தவரும் ஒரே ஆள்தான். வெட்டு என்று வந்தவருக்கு ஒரு முகம், படித்துவிட்டு வந்தவருக்கு இன்னொரு முகம்.

நமக்கு இன்று இந்த இரண்டும் குழம்பிக் கிடக்கிறது. பெருமாள்முருகனுக்கு நடந்ததை நினைவில் வைத்திருப்பீர்கள். புத்தகத்தின் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரெல்லாம் பரப்பினார்கள், கடையடைப்பு, அதிகாரிகள் முன்னால் பேச்சுவார்த்தை, 2015 ஜனவரியில் அவர் எழுத்தையே விடுவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அங்கே நடந்தது விமர்சனம் அல்ல, சாதிச் சங்கத்தின் வெட்டு. அதற்கு நம் பதில் 'காற்புள்ளியும் முடியாது' என்பதுதான். ஆனால் இதை நம் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும், தோழர்களே. நம்மை இழிவுபடுத்தும் ஒரு புத்தகம் வந்தால் அதைக் கிழித்துத் தொங்கவிட்டு நாற்பது பக்கம் எழுதுவோம், அது நம் உரிமை. நம் ஆள் ஒருவர் நமக்குப் பிடிக்காத புத்தகம் எழுதினால், அதை விற்காதே என்று பதிப்பாளருக்குப் போன் போடுவது எந்த வகையில் சேரும்? போட்டவர்களை எனக்குத் தெரியும் என்பதால்தான் சொல்கிறேன்.

இதில் நம் பெண்கள் அடிபட்டதுதான் அதிகம். சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இல் வந்தபோது எதிர்ப்பு நம் ஆட்களிடமிருந்தும் வந்தது. காத்தமுத்து என்ற தலித் தலைவரை வீட்டுக்குள் ஆதிக்கம் செய்கிறவராகவும் காசில் கை வைப்பவராகவும் காட்டலாமா, எதிரிகள் கையில் ஆயுதம் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். அவர் ஒதுங்கவும் இல்லை, மேடையேறிச் சண்டை போடவும் இல்லை. 1997இல் 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நாவலே எழுதினார். அதில் எழுத்தாளரே ஊருக்குத் திரும்பிப் போகிறார், முதல் நாவலில் எழுதியது எது, விட்டது எது, யார் பார்வையில் எழுதியது என்று தன் புத்தகத்தையே குடைகிறார். விமர்சகர்கள் கேட்டதைவிடக் கடுமையான கேள்விகளை அவரே கேட்டுக்கொள்கிறார். ஆனால் காத்தமுத்துவை அவர் வாபஸ் வாங்கவில்லை. நாவல் பயிலும் மாணவர்கள் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாமாவின் 'கருக்கு' 1992. இலக்கிய மேட்டிமைக்காரர்கள் மொழியைக் குறை சொன்னார்கள், கொச்சை என்றார்கள். சொந்த ஊரில் கோபம் வேறு மாதிரி. நம் மானத்தை எழுதி விற்றுவிட்டாள் என்று கொதித்தார்கள், சில மாதங்கள் ஊருக்குள் போகவே முடியவில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இரண்டு எதிர்ப்பும் ஒன்றா? மொழியைக் குறை சொன்னவர்களுக்கு அவருடைய பதில் அடுத்த புத்தகமான 'சங்கதி'. அதே பேச்சு மொழி, இன்னும் கூர்மையாக. ஊர்க்காரர்களின் கோபத்தை அப்படித் தள்ள முடியாது. அவர்கள் அந்தப் புத்தகத்துக்குள் இருப்பவர்கள். காலப்போக்கில் படித்த இளைஞர்கள் புரிந்துகொண்டு நிலைமை மாறியது. விருதுகள் பிற்பாடு வந்தன.

தலித் எழுத்துக்கு வரும் பாதகமான மதிப்புரைகளைப் பல வருடம் வெட்டி ஒட்டி வைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். ஒரே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பிரச்சாரம். ஆவணம். ஒருதலைப்பட்சம். அனுபவம் இருக்கிறது, கலை இல்லை. இந்தச் சொற்களைப் பார்த்ததும் சாதிவெறி என்று எழுதிவிடக் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்த மதிப்புரையில் உங்கள் புத்தகத்தின் எத்தனை பக்கங்கள் இருக்கின்றன என்று பென்சிலால் குறியுங்கள். எந்தக் கதை, எந்த வரி, எங்கே தொய்வு என்று சொல்கிறாரா? சொல்கிறார் என்றால் அவர் எந்தச் சாதியாக இருந்தாலும் வேலை செய்திருக்கிறார். அதில் பாதி தவறாகவே இருந்தாலும் மீதியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தையும் தொடாமல் உங்கள் பிறப்பை மட்டும் தொட்டிருந்தால், அந்தப் பென்சில் குறி இல்லாத தாளையே எல்லோருக்கும் காட்டலாம். எடுத்த எடுப்பில் சாதிவெறி என்று சொல்லிச் சொல்லி, நிஜமான சாதிவெறி வரும்போது சொல்ல வார்த்தை இல்லாமல் நிற்கிறோம்.

பாராட்டும் மதிப்புரைகளில் ஒரு வகை உண்டு, அதைப் பற்றி யாரும் என்னிடம் போன் செய்து அழுவதில்லை. தலையைத் தடவிக் கொடுப்பது. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த வலிமிகுந்த குரல், வரவேற்போம் என்று இரண்டு பத்தி. அதிலும் பென்சிலை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கமும் இருக்காது. எனக்கு இதைவிடத் திட்டுவது மேல்.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சமி நில மீட்புப் போராட்டங்களைப் பற்றி நான் எழுதிய சிறு நூலுக்கு ஒரு சிற்றிதழில் இரண்டு பக்க மதிப்புரை வந்தது. ஆவேசம் இருக்கிறது, எழுத்து இல்லை என்பது அதன் சாரம். அந்த வரிக்கு நான் பதில் எழுதவில்லை. அது அவருடைய ரசனை. ஆனால் இரண்டாம் பக்கத்தில், அந்த நிலங்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் தரப்பு நூலில் இல்லை, எனவே ஒருதலைப்பட்சம் என்று இருந்தது. பார்க்க நியாயமாகத் தெரியும் வாதம், அதனால்தான் ஆபத்து. அதற்கு மட்டும் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். பஞ்சமி நிலம் கொடுக்கப்பட்டபோதே, முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் பட்டியல் சாதியினருக்குத்தான் கைமாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். அதை மீறி எழுதிய பத்திரம் செல்லாது. செல்லாத பத்திரத்தை வைத்திருப்பவரின் வருத்தத்தை நான் எழுதலாம், ஆனால் அதை ஒரு 'தரப்பு' என்று தராசின் மறுதட்டில் வைக்க முடியாது. அடுத்த இதழில் போட்டார்கள். இரண்டு வட்டாட்சியர் அலுவலகங்களில் மனுவோடு அந்தப் பக்கத்தையும் நம் பிள்ளைகள் இணைத்துக் கொடுத்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அதைவிடக் கடினமான மதிப்புரை வேறு இடத்தில் கிடைத்தது. நூலில் வரும் ஒரு ஊரில், சாவடி முன்னால், மாலை நேரத்தில் புத்தகத்தை வாசித்துக் காட்டினோம். தாலுகா அலுவலக முற்றுகையை முன்நின்று நடத்திய பெண்ணின் பெயரை நான் நூலில் போடவில்லை. அவரே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மகள் அதே ஊர்ப் பக்கம் வேலைக்குப் போகிறாள், வம்பு வரும் என்ற பயம். வாசித்து முடித்ததும் எழுபது வயது ஆயா ஒருவர் எழுந்தார். "பேரு இல்லாம எழுதுனா நாளைக்கி எவன் வேணாலும் நாந்தான் செஞ்சேன்னு வந்து நிப்பான் தம்பி. ஆம்பள பேரு நாலு இருக்கு, எப்படி இருக்கு அது?" நான் காரணத்தைச் சொன்னேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. "அவளுக்குப் பயம் இருக்கலாம். புத்தகத்துக்கும் பயமா?" என்றார். அங்கேயே அரைமணி நேரம் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார், கடைசிவரை வேண்டாம் என்றுதான் சொன்னார்.

இரண்டாம் அச்சு வந்தபோதும் பெயர் இல்லை. ஆனால் ஆயா பேசியது, மற்றவர்கள் மறுத்தது, அரைமணி நேரப் பேச்சும் அப்படியே அவர்கள் மொழியில் பின்னிணைப்பாக இருக்கிறது. மூன்று பக்கம். கூட்டங்களில் மாணவர்கள் அதிகம் கேள்வி கேட்பது அந்த மூன்று பக்கத்தைப் பற்றித்தான்.

இப்போது மூன்றாம் அச்சுக்குத் தயாராகிறோம். அந்தச் சிற்றிதழ் மதிப்புரையையும் என் ஒரு பக்கப் பதிலையும் சேர்க்கலாம் என்று அதை எழுதியவரிடம் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். ஒரு வரியும் குறைக்காமல் போட்டால் சரி என்று சொல்லியிருக்கிறார், எழுத்து இல்லை என்ற வரி உட்பட. பதிப்பாளர்தான் முறுக்கிக்கொண்டு நிற்கிறார். நாலு பக்கம் கூடுகிறது, தாள் விலை ஏறியிருக்கிறது, பத்து ரூபாய் ஏற்ற வேண்டும் என்கிறார். விலையை ஏற்ற வேண்டாம், அட்டையை மெலிதாக்குங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.